தங்க எழுத்துக்கு என்ன வேலை? இடைக்கால ஜெபப் புத்தகத்தின் ஓர் ஏடு

மெல்லிய தோலில் கறுப்பு லத்தீன் எழுத்து, பத்தியின் தொடக்கத்தில் மின்னும் தங்க எழுத்து, ஓரமெல்லாம் கொடியும் பூவும். இப்படி ஒரு படம் இணையத்தில் சுற்றும்போதெல்லாம் கூடவே மூன்று வாசகங்களும் சுற்றும். ஒரு துறவி ஆயுள் முழுக்க உட்கார்ந்து வரைந்தது என்பார்கள், தங்க மையால் எழுதியது என்பார்கள், அழகுக்காகச் செய்தது என்பார்கள். மூன்றிலும் துளி உண்மை இருப்பதால்தான் அவை நிலைத்துவிட்டன. ஆனால் நம் கண்ணில் படும் பெரும்பாலான ஏடுகளுக்கு மூன்றுமே சரியாகப் பொருந்தாது.

குழப்பத்துக்குக் காரணம், 'இடைக்காலம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் காலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளம் கொண்டது. 700-ஐ ஒட்டி இங்கிலாந்தின் தீவு மடம் ஒன்றில் உருவான நற்செய்தி நூலும், 1450-ஐ ஒட்டி பாரிஸ் கடைத்தெருவில் உருவான ஜெபப் புத்தகமும் வேறு வேறு உலகங்கள். இங்கே இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக் கடைகளிலும் அதிகமாகக் கிடைப்பது இந்த வகை ஏடுதான்.

முதலில் நான்கு சொற்கள்

ஏடு என்றால் ஒற்றைத் தோல்தாள். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பக்கம். நூலகங்கள் பக்கத்தை எண்ணுவதில்லை, ஏட்டைத்தான் எண்ணும். ஆகவே "16 முன்", "16 பின்" என்று குறிப்பார்கள்.

மணிவேளைப் புத்தகம் என்பது, துறவிகள் நாளொன்றுக்கு எட்டு வேளை சொல்லும் ஜெபத்தைப் பார்த்து, வீட்டில் இருக்கும் சாதாரண மக்களுக்காகச் சுருக்கி அமைத்த ஜெபப் புத்தகம். 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் நடுவரை ஐரோப்பாவில் அதிகம் புழங்கிய புத்தகம் இது. அரசி வைத்திருந்தாள், துணி வியாபாரியின் மனைவியும் வைத்திருந்தாள்.

ஒளியூட்டல் என்பது பக்கத்தில் தங்கமோ வெள்ளியோ வைத்து ஒளி தெறிக்கச் செய்வது. பேச்சுவழக்கில் எந்த வண்ண அலங்காரத்தையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். சிற்றோவியம் என்பது புத்தகத்துக்குள் வரும் படம். முழுப் பக்கத்தை அடைத்திருந்தாலும் அதற்குப் பெயர் அதுதான்.

பக்க எண் இல்லாத புத்தகத்தில் வழி கண்டுபிடிப்பது

ஒரு பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் தலைப்பு பெரிதாக, ஒரு படத்தோடு. உட்தலைப்பு அதைவிடச் சிறிதாக, வேறு நிறத்தில். முக்கியச் சொல் தடித்த எழுத்தில். எந்த வரியையும் படிக்காமலே, எது எங்கே தொடங்குகிறது என்று கண் கண்டுபிடித்துவிடும். இப்போது அந்தப் புத்தகத்திலிருந்து பக்க எண்களையும் பொருளடக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெரிய எழுத்தும் படமும் மட்டுமே மிச்சம் இருக்கும் வழிகாட்டி.

மணிவேளைப் புத்தகம் அந்த நிலையில்தான் இருந்தது. பெரும்பாலானவற்றில் பக்க எண்ணும் கிடையாது, பொருளடக்கமும் கிடையாது. அதிகாலை மங்கிய வெளிச்சத்தில் கையளவுப் புத்தகத்தைப் புரட்டி உரிய ஜெபத்தை எடுக்க வேண்டும். அதற்கு அலங்காரத்தின் அளவு ஒரு படிக்கட்டு மாதிரி வகுக்கப்பட்டிருந்தது.

உச்சிப் படியில் சிற்றோவியம். அதன் கீழே நான்கைந்து வரிகள் மட்டும் எழுத்து. அந்த எழுத்தின் முதல் எழுத்து மூன்று அல்லது நான்கு வரி உயரத்துக்கு நீலமும் சிவப்புமாக, தங்கப் பின்னணியில் இருக்கும். பக்கத்தின் நான்கு ஓரமும் கொடி அலங்காரம். இப்படி ஒரு பக்கம் வந்தால், ஒரு வேளையின் ஜெபமோ ஒரு பெரிய பகுதியோ தொடங்குகிறது என்று பொருள். அடுத்த படியில் இரண்டு வரி உயரத் தங்க எழுத்து: ஒரு சங்கீதமோ (விவிலியத்தில் உள்ள ஜெபப் பாடல்) பாட்டோ வாசகமோ தொடங்குகிறது. கடைசிப் படியில் ஒற்றை வரி உயர எழுத்து: சங்கீதத்துக்குள் ஒரு புதிய வசனம். வசனம் வரியின் நடுவில் முடிந்துவிட்டால் மிச்ச இடத்தைத் தங்கமும் நீலமுமாக ஒரு சிறு பட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். எழுத்துப் பத்தி இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பட்டை.

படமும் கண்டபடி போட்டதல்ல. மரியன்னையின் எட்டு வேளை ஜெபத்துக்கு, பிரான்சில் வழக்கமான வரிசை இது: வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்வது, மரியா எலிசபெத்தைச் சந்திப்பது, இயேசுவின் பிறப்பு, இடையர்களுக்கு அறிவிப்பு, மூன்று ராஜாக்கள், கோவிலில் காணிக்கை, எகிப்துக்குத் தப்பி ஓடுவது, மரியாவுக்கு முடிசூட்டுவது. முதல் வேளையான மாதின்ஸ் மங்கள வார்த்தையோடு தொடங்கும். படுக்கைக்கு முந்தைய காம்ப்ளின் முடிசூட்டலோடு. தாவீது அரசன் முழந்தாளிட்டிருந்தால் ஏழு மனவருத்தச் சங்கீதங்கள். சவ அடக்கக் காட்சி இருந்தால் இறந்தோருக்கான ஜெபம். லத்தீன் சரளமாகப் படிக்க வராதவரும் படத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு வேடிக்கை: இந்த எட்டு வேளைகளில் ஆறு, ஒரே வேண்டுதலில் தொடங்கும். "கடவுளே, எனக்குத் துணைசெய்ய வாரும்" என்ற பொருள் கொண்ட சங்கீத வசனம். முதல் வேளை "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்று தொடங்கும். கடைசி வேளையான காம்ப்ளின் மட்டும் வேறு வசனத்தில் தொடங்கும். (கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்முறை ஜெபம் இன்றும் இப்படித்தான் தொடங்குகிறது.) லத்தீனில் மேலே சொன்ன இரண்டு வசனங்களுக்கும் முதல் எழுத்து 'டி'. ஆகவே மணிவேளைப் புத்தக ஏட்டில் பெரிய 'டி' ஒன்றைப் பார்த்தால், அது ஒரு வேளை ஜெபத்தின் வாசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரான்சின் அரசி ஜான் தெவ்ரோவுக்காக 1324-க்கும் 1328-க்கும் இடையில் ஓவியர் ஜான் புசெல் செய்த புத்தகம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. ஓர் ஏடு 9.2 சென்டிமீட்டர் உயரம், 6.2 சென்டிமீட்டர் அகலம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் மாதின்ஸ் தொடங்கும் பக்கத்தில் மேலே மங்கள வார்த்தைக் காட்சி, அதன் கீழே அந்த 'டி'. எழுத்தின் வயிற்றுக்குள் அரசியே உட்கார்ந்து கையில் ஜெபப் புத்தகத்தோடு இருக்கிறாள். பக்கத்தின் அடியில் இளைஞர்கள் நடுவில் ஒருவரை உட்காரவைத்துச் சீண்டி விளையாடுகிறார்கள். புனிதக் காட்சிக்குக் கீழே இந்தக் கூத்து எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பக்க ஓரத்தில் குறும்புக்கு இடம் உண்டு என்பது அன்றைய வாசகருக்குப் பழகிய சங்கதி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: படத்தின் அளவு, எழுத்தின் உயரம், ஓர அலங்காரத்தின் அடர்த்தி மூன்றும் சேர்ந்து "இங்கே எவ்வளவு முக்கியமான பகுதி தொடங்குகிறது" என்று சொல்கின்றன. அழகு அதோடு ஒட்டி வந்தது; பணம் படைத்தவருக்கு அதிகமாக ஒட்டி வந்தது.

தோல்: பதனிடாமல் இழுத்துக் காயவைத்தது

செருப்புத் தோலைப் பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதனிடுகிறோம். தோல்தாளைப் பதனிடுவதே இல்லை. கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் மூன்று முதல் பத்து நாள் வரை போட்டுவைப்பார்கள், குளிர்காலத்தில் கூடுதலாக. மயிர் கழன்று வரும். பிறகு ஈரத்தோலை மரச்சட்டத்தில் கட்டி இழுப்பார்கள்.

கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓரத்தில் ஆணி அடித்தால் தோல் காய்ந்து சுருங்கும்போது ஆணித் துளை கிழிந்துவிடும். அதனால் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தோலால் முடிச்சாகச் சுற்றி, அந்த முடிச்சில் கயிறு கட்டி, சட்டத்தில் உள்ள முளையோடு இணைப்பார்கள். முளையைத் திருகத் திருக இழுவிசை கூடும். இழுத்த நிலையிலேயே பிறை வடிவக் கத்தியால் சுரண்டுவார்கள், காயவிடுவார்கள், மறுபடி இறுக்குவார்கள், மறுபடி சுரண்டுவார்கள். இழுவிசையில் காயும்போது தோலின் நார்கள் தளத்துக்கு இணையாகப் படுத்துக்கொள்கின்றன. தோல் மென்மையான உடைபோல் வராமல் விறைப்பான தாளாக வருவது இதனால்தான்.

கத்தி நுனி பட்டு ஓர் ஊசித்துளை விழுந்தால் போதும், இழுவிசையில் அது வட்டமாக விரிந்துவிடும். அப்படி ஓட்டை விழுந்த தோலை வீசி எறிய மாட்டார்கள். எழுதுபவர் ஓட்டையைச் சுற்றி எழுதிக்கொண்டு போவார். ஏட்டில் வழவழப்பான விளிம்போடு வட்ட ஓட்டை தெரிந்தால் அது தோல் தொழிலாளியின் கத்தி செய்தது. எழுத்தையும் சேர்த்துத் தின்ற ஓட்டை என்றால் பின்னால் வந்த பூச்சி.

தோலுக்கு மயிர்ப்பக்கம், சதைப்பக்கம் என இரண்டு முகம். மயிர்ப்பக்கம் சற்று மஞ்சள், மயிர்க்கால் புள்ளிகள் தெரியலாம். சதைப்பக்கம் வெளுப்பு. புத்தகம் விரியும்போது எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே முகமாக இருக்கும்படி மடித்து அடுக்குவது வழக்கம். 15-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தோல் மிக மெல்லிசாகச் சுரண்டப்பட்டதால் வித்தியாசம் கண்ணுக்கு லேசில் பிடிபடாது.

கோடு, பிறகு எழுத்து

தோலின் ஓரத்தில் சம இடைவெளியில் குத்திய புள்ளிகளை இணைத்துக் கோடு போடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் கூர்முனையால் அழுத்திய நிறமற்ற கோடு. பிறகு ஈயக்குச்சிக் கோடு. 15-ஆம் நூற்றாண்டில் வெளிர்ச் சிவப்பு மைக்கோடு. அந்தக் கோடு வேலை முடிந்ததும் அழிக்கப்படுவதில்லை. நம் கண்ணுக்கு நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். அவர்கள் கண்ணுக்குக் கோடு இல்லாத பக்கம்தான் அரைகுறை.

மை தயாரிக்கத் தேவையானவற்றை இன்றும் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிவிடலாம்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயை இடித்து ஊறவைத்த சாறில் அன்னபேதியைக் கரைத்தால் கலவை கறுக்கும். பிசின் அதைத் திப்பியாகப் பிரியாமல் தாங்கும். எழுதும்போது வெளிறித் தெரியும் மை, காற்றுப் பட்டுப் பட்டு நன்றாகக் கறுக்கும். அன்னபேதி கூடிவிட்டால் நாளடைவில் மை பழுப்பாகி, அடியில் இருப்பதையே அரிக்கத் தொடங்கும்.

எழுதுபவரின் வலக்கையில் வாத்திறகுப் பேனா, இடக்கையில் சிறு கத்தி. தோலை அழுத்திப் பிடிக்க, பேனாவைச் சீவ, பிழையைச் சுரண்ட எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான். மை தோலின் மேற்பரப்பிலேயே தங்குவதால் சுரண்டித் திருத்த முடிகிறது.

அவர் எழுதும்போது படத்துக்கும் பெரிய எழுத்துகளுக்கும் வெற்றிடம் விட்டுக்கொண்டே போவார். எந்த எழுத்து வரவேண்டும் என்று அந்த இடத்திலேயோ பக்க விளிம்பிலேயோ பொடியாக ஒரு குறிப்பு வைப்பார். அலங்காரக்காரர் கவனிக்காமல் தவறான எழுத்தைத் தங்கத்தில் போட்டுவிட்ட ஏடுகளும் இருக்கின்றன. தங்கம் வைத்த பிறகு சுரண்டித் திருத்துவதற்கு யாருக்கும் மனம் வராது போலும்.

தங்கம் ஏன் வண்ணத்துக்கு முன்னால்?

இந்த ஏட்டின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் மின்னும் தங்கத்தில் பெரும்பகுதி மை அல்ல. மிக மெல்லியதாகத் தட்டிய தங்க ரேக்கு. நாணயத்தைத் தட்டித் தட்டி ரேக்காக்குவார்கள். 1400-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய தொழிற்குறிப்பில், ஒரு டூகாட் நாணயத்திலிருந்து 145 ரேக்கு எடுக்கிறார்கள், 100-க்கு மேல் எடுக்கக்கூடாது என்று குறைபட்டுக்கொள்கிறார். டூகாட் என்பது சுமார் 3.5 கிராம், அதாவது அரைப் பவுனுக்கும் குறைவு.

ரேக்கைத் தோலில் நேராக ஒட்டினாலும் மின்னும், ஆனால் தட்டையாக மின்னும். அதைப் புடைப்பாக, வார்த்தெடுத்த உலோகத் துண்டு மாதிரி காட்டுவதற்கு அடியில் ஒரு சாந்து வைப்பார்கள். அதன் பெயர் ஜெஸ்ஸோ. சென்னினி தரும் கலவை இது: நுண் ஜிப்சச் சாந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈய வெள்ளை, அந்த ஈய வெள்ளையை விடவும் குறைவாகக் கற்கண்டு. செங்காவி நிறமுள்ள களிமண் சிறிது சேர்ப்பதும் உண்டு. அது இரண்டு வகையில் உதவும். வெள்ளைத் தோலில் வெள்ளைச் சாந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். மேலே ரேக்கு எங்காவது விட்டுப்போனாலும் அடியிலிருந்து இளஞ்சிவப்பு கசிந்து கதகதப்பாகக் காட்டும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஜிப்சம் உடம்பு. ஆனால் புதிதாகச் சுட்ட ஜிப்சத்தில் தண்ணீர் பட்டால் கட்டியாக இறுகிவிடும். அதனால் அதைத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் தினமும் கிளறிக் கிளறி இறுகும் குணத்தையே போக்கிவிடுவார்கள். முட்டை வெள்ளைக்கருவோ பசையோ ஒட்டும் சக்தி. கற்கண்டு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சாந்து வளைந்துகொடுப்பதும் ரேக்கைப் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். புத்தகத்தின் பக்கம் திரும்பத் திரும்ப வளையும். வளைந்துகொடுக்காத சாந்து சில நாளில் சில்லுச் சில்லாக உதிரும்.

வேலை இப்படி நடக்கும். சாந்தை இறகுப் பேனாவாலோ தூரிகையாலோ இரண்டு மூன்று பூச்சாக வைத்துக் காயவிடுவார்கள். காய்ந்ததும் கத்தியால் மேற்பரப்பைச் சீவி மழமழப்பாக்குவார்கள். பிறகு வாயைத் திறந்து, தொண்டையிலிருந்து வெதுவெதுப்பான மூச்சை அதன் மேல் விடுவார்கள். ஊதினால் காற்று உலர்த்திவிடும்; "ஹா" என்று விட்டால் ஈரம் படியும். அந்த ஈரத்தில் கற்கண்டு பிசுபிசுக்கும் சில நொடிகளுக்குள் ரேக்கை வைத்து அழுத்திவிட வேண்டும். பிறகு நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்தால் ரேக்கு கண்ணாடியாகிவிடும்.

எங்கே கெடும்? சர்க்கரை குறைந்தால் ரேக்கு ஒட்டாது, நாளடைவில் சாந்து வெடிக்கும். கூடினால் சாந்து பிசுபிசுப்பாகவே நிற்கும். தேய்க்கும்போது தங்கம் கீறிக் கல்லோடு வரும். மூச்சு ஈரம் அதிகமானால் ரேக்கு சாந்துக்குள் அமிழ்ந்து மங்கிப்போகும். காற்று வறண்ட நாளில் எதுவும் ஒட்டாது. இன்று இந்த முறையைக் கற்பவர்கள் அதிகாலையில் உட்காருவது இந்தக் காரணத்தால்தான்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். தங்கம் வண்ணத்துக்கு முன்னால் வரக் காரணம் இரண்டு. வண்ணத்திலும் பிசினோ முட்டையோ இருப்பதால், வண்ணம் பூசிய பிறகு ரேக்கை வைத்தால் அது வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது, நாய்ப்பல்லால் அழுத்தித் தேய்க்கும்போது பக்கத்தில் இருக்கும் வண்ணம் சிதைந்துவிடும். ஆகவே எழுத்து, கோட்டோவியம், சாந்து, தங்கம், தேய்ப்பு, பிறகே வண்ணம். ரேக்கின் பிசிறு விளிம்பை மறைப்பது, கடைசியில் சுற்றிலும் ஓடும் கறுப்பு மைக்கோடு. ஏட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடு தங்கத்தின் மேலே ஏறி நிற்பது தெரியும்.

தங்கப் பொடியைப் பிசினில் குழைத்துத் தூரிகையால் பூசும் வழக்கமும் இருந்தது. அதைச் சிப்பி ஓட்டில் வைத்துக்கொள்வதால் சிப்பித் தங்கம் என்பார்கள். அது புடைக்காது, அவ்வளவாக மின்னாது. ஆடை மடிப்பில் ஒளிக்கீற்று போட வசதி. அது கடைசியில், வண்ணத்தின் மேல் வரும். "தங்க மை" என்று சொல்பவர்கள் இதை மட்டும் சொன்னால் சரி.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். தங்கம் இல்லாமலும் புகழ்பெற்ற ஏடுகள் உண்டு. 800-ஐ ஒட்டிய கெல்ஸ் நூல் என்னும் நற்செய்தி நூல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதில் தங்கம் துளிகூட இல்லை. பொன்னாகத் தெரிவது அரிதாரம் என்னும் தாதுவின் மஞ்சள்.

நிறங்கள்

நீலத்தைப் பார்த்ததும் "ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லசுலி" என்று எழுதிவிடுகிறார்கள். விலையுயர்ந்த ஏடுகளில் அது உண்மை. அந்தக் கல் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்தது. அதை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறமே கிடைக்கும். பொடியை மெழுகும் பிசினும் எண்ணெயும் கலந்த உருண்டையில் பிசைந்து, சாம்பல் கரைத்த நீரில் நாட்கணக்கில் அமுக்கி அமுக்கி நீலத்தை மட்டும் வெளியே வரவழைப்பார்கள். முதலில் வருவது உயர்தரம், கடைசியில் வருவது நீலம் பூத்த சாம்பல். ஆனால் மலிவான நீலமாக அசுரைட் என்னும் செம்புத் தாதும் தாராளமாகப் புழங்கியது. ஊதாச் சாயல் லாபிஸ், பச்சைச் சாயல் அசுரைட் என்பது பொதுவிதி. ஒன்றின் மேல் ஒன்று பூசியிருக்கலாம் என்பதால் கண்ணை நம்பித் தீர்ப்பு சொல்லக்கூடாது. எக்ஸ்ரே ஒளிர்வு ஆய்வில் செம்பு தெரிந்தால் அசுரைட்.

சிவப்புக்கு ஜாதிலிங்கம், ஈயச் செந்தூரம். பச்சைக்குச் செம்புக் களிம்பு. அது தோலையே அரித்து, பின்பக்கத்தில் பழுப்புக் கறையாகத் தெரியும், சில ஏடுகளில் ஓட்டையே விழுந்திருக்கும். ஈய வெள்ளை காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுக்கலாம். கறுத்த முகத்தோடு தெரியும் புனிதர்கள் சிலரின் கதை அதுதான்.

இளஞ்சிவப்பின் ஒரு பகுதி நம் பக்கத்துக் கடலிலிருந்து போனது. பதிமுகம் என்று இன்றும் தண்ணீரில் போட்டுக் காய்ச்சும் மரம்தான் அன்றைய ஐரோப்பாவின் சாய மரம். கொல்லத்து மரம் என்று இத்தாலிய வணிகக் குறிப்புகள் ஒரு ரகத்தையே தனியாகச் சொல்கின்றன. அரக்கும் இந்தியாவிலிருந்து போனது. பாரிஸ் ஏட்டில் பூ இதழின் ரோஜா நிறம் எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்பதை அந்தப் பூவை வரைந்தவரே அறிந்திருக்க மாட்டார்.

பூசும் முறை மாறாது: முதலில் தட்டையான அடிநிறம், அதன் மேல் அடர்நிற நிழல், பிறகு வெளிர்ப் பூச்சு, கடைசியில் மயிரிழை வெள்ளைக் கோடு. ஓரக் கொடியில் ஒரு சிக்கனமும் உண்டு. தோல் மெல்லிசு என்பதால் முன்பக்கத்துக் கொடி பின்பக்கம் நிழலாகத் தெரியும். அதே கோட்டின் மேல் பின்பக்கக் கொடியையும் வரைந்துவிடுவார்கள். வேலை பாதியாகும்; ஒரு பக்கத்து நிழல் மறுபக்கத்தைக் கெடுக்கவும் செய்யாது. வெளிச்சத்துக்கு எதிரே ஏட்டைப் பிடித்தால் இரண்டு கொடிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும்.

இந்த நான்கு பகுதிகளின் சாரம்: வரிசை மாறினால் வேலை கெடும், ஒவ்வொரு படியும் முந்தைய படி காய்ந்து நிலைத்த பிறகே வரும்.

யார் கை?

இப்படி வரிசையாகப் பிரிந்த வேலையை வேறு வேறு ஆட்கள் செய்வது இயல்பு. பாரிஸில் 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் எழுதுவார், ஒருவர் சிறிய எழுத்துகளையும் ஓரத்தையும் முடிப்பார், கைதேர்ந்தவர் சிற்றோவியத்தை மட்டும் வரைவார். நோத்ரதாம் பேராலயத்துக்கு எதிரே இருந்த தெருவில் இவர்கள் குடும்பத்தோடு கடை வைத்திருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே ரிச்சர், ஜான் தெ மோன்பஸ்தோன் என்ற கணவன் மனைவி இருவருமே அலங்காரக்காரர்கள். கணவர் இறந்த பிறகு 1353-ல் மனைவி பல்கலைக்கழகத்தின் முன் சத்தியம் செய்து தொழிலைத் தொடர்ந்தார்.

மடங்களிலும் வேலை நடந்தது, முற்காலத்தில் பெரும்பாலும் அங்கேதான். முதலில் சொன்ன தீவு மடத்தின் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலை ஆயர் ஈட்ஃப்ரித் எழுதியதாக அதிலேயே பிற்காலக் குறிப்பு இருக்கிறது. ஆனால் மடம் என்றால் ஆண்கள் மட்டும் அல்ல. ஜெர்மனியின் டால்ஹைம் கன்னியர் மடத்தில் புதைக்கப்பட்ட, 11-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஒரு பெண்ணின் பற்காறையில் லாபிஸ் துகள்கள் இருந்ததை 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியபோது அவை உள்ளே போயிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

பெரிய புத்தகமானால் தலைமுறைகூட மாறும். பிரான்சின் பெரி கோமகனுக்காக ஓவியர்களான லிம்பர்க் சகோதரர்கள் தொடங்கிய மணிவேளைப் புத்தகம் 1416-ல் கோமகனும் சகோதரர்கள் மூவரும் இறந்ததால் பாதியில் நின்றது. 1480-களில் ஜான் கொலோம்ப் என்பவர் முடித்தார்.

புத்தகம் எப்படித் தனி ஏடானது?

தனி ஏடு தானாக உதிர்ந்தது மிகக் குறைவு. பெரும்பாலும் யாரோ வெட்டியது. நெப்போலியன் காலத்துப் படைகள் 1798-ல் ரோமில் சூறையாடியபோது சிஸ்டைன் சிற்றாலயத்தின் பாடல் புத்தகங்களும் போயின. அவற்றிலிருந்து வெட்டிய படங்கள் 1825-ல் லண்டனில் ஏலம் போயின. கலை விமர்சகர் ரஸ்கின் 1854-ல் மாலை நேரத்தில் ஜெபப் புத்தகத்தை வெட்டியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முழுப் புத்தகத்தை ஒருவரிடம் விற்பதைவிட முந்நூறு ஏட்டை முந்நூறு பேருக்கு விற்பது லாபம் என்ற கணக்கு 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உச்சம் தொட்டது. பிரான்சின் பூவே நகரத்தைச் சேர்ந்த 13-ஆம் நூற்றாண்டுத் திருப்பலிப் புத்தகம் 1942-ல் அப்படிப் பிரிக்கப்பட்டது. அதன் 309 ஏடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை லிசா ஃபேகின் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதுவரை தேடிப்பிடித்து, இணையத்தில் வரிசைப்படுத்தி வருகிறார்.

ஓர் ஏடு கண்முன் வந்தால்

படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வரிகளை எண்ணுங்கள். பிரிந்த ஏடுகளை ஒரே புத்தகத்தோடு சேர்க்க வரி எண்ணிக்கையும் எழுத்துப் பத்தியின் உயர அகலமும்தான் முதல் தடயம். ஓரத்தில் குத்துப்புள்ளிகள் இருக்கின்றனவா, இல்லை என்றால் விளிம்பு பிற்காலத்தில் நறுக்கப்பட்டிருக்கும். அப்போது கொடியும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். பெரிய எழுத்தின் உயரத்தைப் பார்த்து அது எந்தப் படி என்று முடிவுசெய்யுங்கள். அதையடுத்து வரும் நான்கைந்து லத்தீன் சொற்களை இணையத்தில் தட்டினால் எந்தச் சங்கீதம் என்று வந்துவிடும்.

நேரில் என்றால் வெளிச்சம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தங்கம் கறுப்பாகத் தெரியும், புடைப்பும் தெரியாது. கையுறை வேண்டாம், உறை போட்ட விரலுக்குத் தோலின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடும். கழுவி உலர்த்திய வெறுங்கையே போதும் என்பதுதான் பெரும்பாலான நூலகங்களின் இன்றைய விதி. பிளாஸ்டிக் லேமினேஷன் கூடவே கூடாது. தோல் ஈரத்தை ஏற்றும் இறக்கும். தோல் அசைந்தால் அதன் மேல் இருக்கும் ஜெஸ்ஸோ விரிசல் விடும். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாகவும், வெளிச்சம் 50 லக்ஸுக்குள்ளும் இருந்தால் போதும்.

வாங்கும் எண்ணம் இருந்தால் முகங்களைக் கவனியுங்கள். 1900-ஐ ஒட்டி வேலை செய்த, பெயர் தெரியாத போலி ஓவியர் ஒருவர் உண்மையான இடைக்காலத் தோலிலேயே புதிதாக வரைந்து ஏராளமாக விற்றிருக்கிறார். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தைச் சேர்ந்த பெல் தா கோஸ்டா கிரீன் 1930-ல் அவருக்கு 'ஸ்பானியப் போலிக்காரர்' என்று பெயரிட்டார். இனிப்பான முகம், சாய்ந்த தலை, தாழ்ந்த கழுத்து வெட்டுள்ள சீமாட்டிகள் அவர் அடையாளம். படத்துக்கும் பின்பக்க எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அவர் பச்சையில் ஆர்சனிக்கும் செம்பும் கலந்த நிறம் இருக்கும். அது 1814-க்கு முன் சந்தையில் கிடையாது.